பழைய மருந்துக்கடை ஜாடிகள்: மண்ஜாடியா, பொன்னெழுத்துக் குப்பியா, நீல விஷப் புட்டியா?

பழைய மருந்துக்கடைச் சாமான்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதல் ஜாடியை வாங்குவதற்கு முன்பே திணறிப்போகிறார்கள். என்னிடம் கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. பிரிட்டனில் குடியேறி, ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் நீலப் புட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து மயங்கியவர்கள் ஒரு வகை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பித்தளைக்கும் மரச்சாமானுக்கும் நடுவே நிற்கும் கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அசல்தானா?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்.

முதலாவது, 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வரை ஸ்பெயின், இத்தாலி, ஹாலந்து, இங்கிலாந்து நாடுகளில் செய்த வெள்ளீயப் பூச்சு மண்ஜாடிகள். இரண்டாவது, 19-ஆம் நூற்றாண்டு மருந்துக்கடை அலமாரிகளில் வரிசையாக நின்ற, பொன்னெழுத்து லேபிள் பதித்த கண்ணாடிக் குப்பிகள். மூன்றாவது, நஞ்சு வைப்பதற்கென்றே வரியும் முகடுமாக வார்த்த நீல, பச்சை விஷப் புட்டிகள். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கலாமே என்று தோன்றும். ஆரம்பத்தில் அப்படிச் செய்தால் எதிலும் கண் பழகாது. ஒன்றில் நின்று பழகிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் நல்லது.

## எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வாங்கிய பிறகு ஆகும் செலவு தனி: பழுது பார்ப்பது, பார்சல் கட்டுவது, அலமாரி, சுத்தம் செய்வது. அதைவிடப் பெரிய கேள்வி, போலியை நீங்களே கண்டுபிடிக்க முடியுமா என்பது. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம். நிபுணரைக் கூட்டிவந்து காட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் அது ஆரம்பக்காரர்களுக்கான துறை அல்ல.

அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்பது. இந்தச் சாமான்களுக்கு மட்டுமே உரிய தொல்லை இது. பழைய கடிகாரமோ நாணயமோ வாங்குகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. கடைசியாக, ஐந்து வருஷம் கழித்தும் அதில் பார்க்கவும் படிக்கவும் ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். சில வகைகள் சீக்கிரம் சலித்துவிடும்.

## வெள்ளீயப் பூச்சு மண்ஜாடி

மண்பாண்டத்தின் மேல் காரீயக் கலவையில் வெள்ளீயச் சாம்பலைச் சேர்த்துப் பூசிச் சுட்டால் பால்வெள்ளைப் பரப்பு கிடைக்கும். அதன் மேல் நீலம், மஞ்சள், பச்சை என்று தீட்டினார்கள். இடுப்பு ஒடுங்கிய நெட்டை ஜாடிக்கு இத்தாலியில் அல்பரெல்லோ என்று பெயர். அந்த ஒடுக்கம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. நெருக்கி அடுக்கிய அலமாரியிலிருந்து ஒன்றை மட்டும் கை நுழைத்து எடுக்க அது வசதி. வாயைச் சுற்றிய விளிம்பு, தோலை மூடிக் கயிற்றால் கட்டுவதற்கு. வடிவம் சிரியா, எகிப்துப் பக்கத்திலிருந்து ஸ்பெயின் வழியாக இத்தாலிக்கு வந்தது. பிறகு ஃபாயென்ஸா, டெருட்டா, மொன்டெலூப்போ என்று ஊருக்கு ஒரு பாணி உண்டானது.

லண்டனில் செய்தவற்றில் லேபிள் ஜாடியின் மேலேயே எழுதிச் சுட்டது. சுற்றிலும் தேவதைக் குழந்தைகளோ பறவைகளோ இருக்கும். முதல் எழுத்தைப் பார்த்தாலே என்ன வகை மருந்து என்று தெரிந்துவிடும்: ‘எஸ்’ என்றால் சிரப், ‘ஓ’ எண்ணெய், ‘யு’ களிம்பு, ‘இ’ லேகியம். சிரப் ஜாடிக்கு மட்டும் மூக்கும் பிடியும் இருக்கும். லண்டன் மருந்து வணிகர்கள் தனிச் சங்கமாகப் பட்டயம் பெற்றது 1617-ல். அதற்கடுத்த ஆண்டே லண்டன் மருந்துநூல் வெளிவந்தது. அந்த நூலின் பெயர்ப் பட்டியல்தான் கிட்டத்தட்ட இந்த ஜாடிகளின் மேல் ஏறியிருக்கிறது.

இவ்வளவு அழகை ஏன் முதலில் வாங்கவேண்டாம் என்கிறேன்? விலை ஒரு காரணம். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஜாடி நல்ல நிலையில் இருந்தால் பல நூறு பவுண்டு, கொஞ்சம் அபூர்வமானால் ஆயிரங்கள். பழைய இத்தாலிய ஜாடிகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

முக்கியக் காரணம் பழுது. வெள்ளீயப் பூச்சு உடம்போடு அவ்வளவாக ஒட்டுவதில்லை, விளிம்பில் சில்லு பெயரும். 250 வருஷத்து ஜாடியில் விளிம்புச் சில்லு இருப்பது இயல்பு. ஒரு சில்லுகூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஏதோ ஒரு காலத்தில் யாரோ பிசின் வைத்து அடைத்து, மேலே வண்ணம் தீட்டியிருப்பார்கள். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால், மூலப் பூச்சு ஒரு விதமாகவும் ஒட்டுவேலை மட்டும் வேறு நிறத்தில் திட்டுத்திட்டாகவும் ஒளிரும். டார்ச்சின் விலை மிகக் குறைவு. அது இல்லாமல் இந்த வகைக்குள் இறங்கவே கூடாது. ஏலக்கடையில், "கொஞ்சம் விளக்கை அணைக்கலாமா?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்பதுதான்.

போலிகளுக்கும் பாரம்பரியம் உண்டு. பாரிஸில் 1845-ல் தொடங்கிய சாம்சன் பட்டறை பழைய ஐரோப்பிய, சீனப் பாண்டங்களை நகலெடுத்தே பேர் வாங்கியது. அந்த நகல்களே இன்று பழம்பொருளாகிவிட்டன. ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிகளை மருந்துக்கடையில் போட்டு வைத்திருந்த அட்டை ஜாடிகளுக்கும் இதே கதை. தங்க எழுத்தும் துளையிட்ட மூடியுமாக இருக்கும் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் அட்டை ஜாடியை எல்லோருக்கும் பிடிக்கும், அதனாலேயே நகல்கள் குவிந்து கிடக்கின்றன. மலிவாகக் கிடைக்கும் அட்டை ஜாடி அலங்காரப் பொருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எவ்வளவு அழகான ஜாடியானாலும் ஊறுகாய் போட்டு வைக்கும் ஆசை வந்துவிடக் கூடாது. பூச்சில் காரீயம் இருக்கிறது, புளிப்பு பட்டால் அது இறங்கும்.

பணத்துக்குப் பஞ்சமில்லாதவர், வருஷத்துக்கு ஒன்று போதும் என்று பொறுமையாக இருப்பவர், ஓவியத்தில் ரசனை உள்ளவர் என்றால் இதுதான் உங்கள் வழி. ஒரே ஒரு ஜாடி வீட்டுக்கூடத்தை நிறைத்துவிடும்.

## பொன்னெழுத்துக் கண்ணாடிக் குப்பி

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அறையை நினைவில் வைத்திருக்கும் தலைமுறைக்கு இது அந்நியமாக இருக்காது. அளவுக்கு அளவு காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிய மிக்ஸர் சீசா வீட்டுக்கு வரும்; கம்பவுண்டர் எதிலிருந்து ஊற்றிக் கலந்தாரோ அந்தக் குப்பிகளின் பெரியண்ணன் இது. உருண்டை உடம்பு, அரைத்துப் பொருத்திய கண்ணாடி மூடி, நெஞ்சில் லேபிள்.

அந்த லேபிள்தான் விஷயம். மெல்லிய வளைந்த கண்ணாடித் துண்டின் பின்பக்கம் தங்கத்தகடும் கறுப்பு, சிவப்பு வண்ணமும் வைத்துத் தலைகீழாக எழுதி, குப்பியில் விட்டிருக்கும் பள்ளத்தில் பதித்து ஒட்டினார்கள். அமிலம் வழிந்தாலும் எழுத்து அழியாது. அமெரிக்காவில் டபிள்யூ. என். வால்ட்டன் என்பவர் 1862-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தேதி பொறித்த அடிப்பாகங்கள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன.

அசலான ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேபிள் குப்பியின் வளைவோடு வளைந்திருக்கும். ஓரத்தில் பழுப்பு மெழுகு போன்ற ஒட்டுப்பொருள் மெல்லிய கோடாகத் தெரியும். எங்காவது ஒரு மூலையில் உள்பக்க வண்ணம் செதிலாக உரிந்து, பின்னால் இருக்கும் கண்ணாடி தெரியும். தங்கத்தில் மயிரிழை வெடிப்புகள். கழுத்தின் உள்ளே டிங்க்சர் காய்ந்த பழுப்பு வளையம். போலியில் இத்தனையும் சேர்ந்து அமையாது. பழைய வெற்றுக் குப்பியில் புதிதாக அச்சடித்த லேபிளை ஒட்டுவதுதான் வழக்கமான தில்லுமுல்லு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரிந்துவிடும். மூன்று வகைகளில், வீட்டு மேஜையில் உட்கார்ந்து நாமே தீர்ப்புச் சொல்லக்கூடியது இதுதான்.

படிக்கவும் நிறைய இருக்கிறது. நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. ‘நக்ஸ் வோமிக்கா’ என்று எழுதிய குப்பியில் இருந்தது நம் ஊர் எட்டிக்கொட்டை. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. அதிலிருக்கும் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சைப் பிரெஞ்சு வேதியியலர்கள் பெல்லெத்தியேவும் காவென்துவும் 1818-ல் பிரித்தெடுத்தார்கள். பிரான்சில் போன் நகரத்துப் பழைய தர்ம ஆஸ்பத்திரியின் மருந்தறையில் எட்டிப்பொடி ஜாடியை இன்றும் பார்க்கலாம், பக்கத்திலேயே மரவட்டை மாதிரிச் சுருளும் மரப்பேன் பொடியும் நண்டுக் கண்ணும். திருநெல்வேலிச் சீமையில் விளைந்த நிலாவரை ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரிலேயே பிரிட்டிஷ் மருந்துச் சந்தையில் விற்றது. ‘சென்னா’ குப்பி ஒன்றும் எட்டிக் குப்பி ஒன்றும் தேடிப் பிடித்தால் சேகரிப்புக்கு ஒரு திசை கிடைத்துவிடும்.

பாதரச உப்புக் குப்பிகள் தனிக் கதை. ‘ஹைட்ரார்ஜ். சப்குளோர்.’ என்பது சித்த மருந்துக்காரர் சொல்லும் பூரம், ‘ஹைட்ரார்ஜ். பெர்குளோர்.’ என்பது வீரம். இரண்டும் வெள்ளைப் பொடி. முன்னது பேதிக்குக் கொடுத்தது, பின்னது கொஞ்சம் போனாலே ஆளைக் கொல்லும். லேபிளில் மூன்றெழுத்து வித்தியாசத்தில் இரண்டும் ஒரே அலமாரியில் நின்றிருக்கின்றன. ஜெர்மன் மருந்துக்கடைகள் இதற்கு ஒரு வழி செய்தன: கடும் நஞ்சுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து, தனியே வைக்க வேண்டியதற்கு வெள்ளையில் சிவப்பு எழுத்து, சாதாரண மருந்துக்கு வெள்ளையில் கறுப்பு. இந்த மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று வாங்கி வைப்பது சின்ன இடத்தில் நல்ல தொகுப்பு.

இனி மறைவான செலவுக்கு வருவோம். மூன்று வகைகளில் ஆபத்து அதிகம் உள்ளதும் இதே குப்பிதான், ஏனென்றால் உள்ளே மிச்சம் இருக்கும். ‘கழுவியாச்சு’ என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். மூடி இறுகியிருந்தால் திருகக் கூடாது, அதுவும் பிக்ரிக் அமிலம், ஈதர் என்ற பெயர்கள் இருந்தால் தொடவே கூடாது. பிக்ரிக் அமிலம் உலர்ந்து மூடி இடுக்கில் படிகமாகியிருந்தால் உரசலிலேயே வெடிக்கும். பழைய ஈதரிலும் வெடிக்கும் பெராக்சைடு சேர்ந்திருக்கும். அபினி டிங்க்சர் குப்பியில் ஏதாவது மிச்சம் இருந்தால் இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் குறுக்கே வரும். ஆகவே காலிக் குப்பி மட்டும் வாங்குங்கள், உள்ளே ஒரு துளி இருந்தாலும் வேண்டாம். காலியானதில் மூடி மட்டும் இறுகியிருந்தால், இணைப்பில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருப்பது போதும்.

லேபிள் உள்ள குப்பியைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. ஒட்டு இளகும், பின்னால் வண்ணம் உரியும். ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. பார்சல் கட்டும்போது மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். மூடியோடு அனுப்பி, வழியில் ஆடி ஆடிக் கழுத்து விண்டுபோய் வருவது சகஜம்.

விலை சில பத்துப் பவுண்டுகளில் ஆரம்பிக்கும். நீலக் கண்ணாடி, பெரிய அளவு, கேள்விப்படாத மருந்துப் பெயர் என்றால் நூறைத் தாண்டும்.

## வரி போட்ட விஷப் புட்டி

விளக்கு வெளிச்சத்தில் மருந்து குடித்த காலம். இருமல் மருந்தும் கார்பாலிக் அமிலமும் ஒரே மாதிரிச் சீசாவில் இருந்தால் என்ன ஆகும்? விரலுக்கே தெரிகிற மாதிரிச் சீசா வேண்டும் என்ற யோசனை அங்கிருந்து வந்தது. பிரிட்டனில் 1851-ல் ஆர்செனிக் சட்டம் வந்தது. விற்பனையைப் பதிவேட்டில் எழுத வேண்டும், சில்லறையாக விற்கும் ஆர்செனிக்கில் கரியோ அவுரி நீலமோ கலக்க வேண்டும். அப்படியும் 1858-ல் பிராட்ஃபோர்டில் மிட்டாயில் கலப்படத்துக்குச் சுண்ணப்பொடி வாங்கப் போனவருக்கு மருந்துக்கடைப் பையன் பீப்பாய் மாறி ஆர்செனிக்கைக் கட்டிக் கொடுத்தான். சந்தையில் மிட்டாய் வாங்கித் தின்று சுமார் 20 பேர் செத்தார்கள், 200 பேர்வரை படுத்தார்கள். இந்தக் கதையை விஷப் புட்டியோடு சேர்த்துச் சொல்வது விற்பனையாளர்களுக்கு வழக்கம். உண்மையில் அங்கே தப்பு சீசாவில் இல்லை, பீப்பாயின் மேல் ஒழுங்காகப் பெயர் எழுதாததில். 1868-ல் மருந்தகச் சட்டம் வந்து, நஞ்சு விற்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், பொட்டலத்தின் மேல் ‘விஷம்’ என்று எழுத வேண்டும் என்றானது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1872-ல், விஷப் புட்டியின் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது.

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில அறுகோணப் புட்டி. முன்பக்கம் ‘உட்கொள்ளக் கூடாது’ என்று ஆங்கிலத்தில் புடைத்த எழுத்து, இரு பக்கமும் செங்குத்து வரிகள், பின்னால் லேபிள் ஒட்ட வெறும் பரப்பு. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள், எதற்காக இது என்று உடனே புரியும். அரை அவுன்சு முதல் 20 அவுன்சு வரை அளவுகள் உண்டு. நடு அளவுகள் ஏராளம், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கே கிடைக்கும். இரண்டு கோடியிலும் உள்ள அளவுகளுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ஆந்தைச் சின்னம் போட்ட மூன்று பக்கப் புட்டிக்குத் தனிக் கூட்டம் உண்டு. 1876-ல் சவப்பெட்டி வடிவத்துக்கும், 1894-ல் மண்டையோட்டு வடிவத்துக்கும் காப்புரிமை எடுத்தார்கள். அசல் மண்டையோட்டுப் புட்டி மிக அபூர்வம். உங்கள் கண்ணில் பட்டது நகல் என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக இருக்கும்.

நீலமாக இருப்பதெல்லாம் விஷப் புட்டி அல்ல. பிலிப்ஸ் மில்க் ஆஃப் மக்னீசியா என்ற வயிற்று மருந்து நீலப் புட்டியில்தான் வந்தது; இந்தியப் பழம்பொருள் கடைகளில் அதையே ‘வெள்ளைக்காரன் விஷ பாட்டில்’ என்று நீட்டுகிறார்கள். எழுத்து இல்லை, வரி இல்லை என்றால் நகருங்கள். வயசு பார்க்க, பக்கவாட்டு அச்சுக்கோட்டைக் கவனியுங்கள். உதடு வரை ஏறிப் போனால் இயந்திர வார்ப்பு, அநேகமாக 1903-ல் ஓவன்ஸ் என்ற புட்டி வார்க்கும் இயந்திரம் வந்ததற்குப் பிந்தியது. கழுத்திலேயே மறைந்துவிட்டால் உதட்டைக் கையால் முடித்தது. இயந்திர வார்ப்பென்றால் போலி என்று அர்த்தமில்லை. விஷப் புட்டிகள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வந்தன, விலை மட்டும் குறைவு.

பல புட்டிகள் பழைய குப்பைமேடுகளைத் தோண்டி எடுத்தவை. மண்ணில் கிடந்ததால் வெள்ளையாகப் பூத்திருக்கும், கழுவினால் போகாது. செம்புத் துணுக்கும் மெருகுப்பொடியும் போட்டு உருளையில் நாள்கணக்கில் சுழற்றினால் பளபளக்கும், கூடவே வரிகளின் கூர்மையும் மழுங்கும். அப்படி மெருகேற்றியதை அசல் பளபளப்பு என்று விற்றால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

இதன் குறை ஒன்றே ஒன்றுதான். ஓர் அலமாரி நிறைந்த பிறகு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வடிவ வித்தியாசத்தைத் துரத்துகிறவருக்கு அது போதை. கதை தேடுகிறவருக்குச் சலிப்பு.

## ஒரே பார்வையில்

| | மண்ஜாடி | பொன்னெழுத்துக் குப்பி | விஷப் புட்டி |
|---|---|---|---|
| ஆரம்ப விலை | பல நூறு பவுண்டு | சில பத்துப் பவுண்டு | சில பவுண்டு |
| போலியைக் கண்டுபிடிப்பது | கஷ்டம், புற ஊதா டார்ச் அவசியம் | பூதக்கண்ணாடி போதும் | சாதாரண வகையில் போலி குறைவு, அபூர்வ வடிவத்தில் அதிகம் |
| உள்ளே மிச்சம் | அநேகமாக இருக்காது | இருக்கும், கவனம் | தோண்டியதில் மண், மற்றதில் கவனம் |
| மறைவான செலவு | பழுது வேலை, காப்பீடு | பார்சல், இறுகிய மூடி | மெருகு, இடம் |
| சலிக்குமா | சலிக்காது | எளிதில் சலிக்காது | சீக்கிரம் |

பிரெஞ்சுப் பீங்கான் ஜாடிகளையும் சிலர் கேட்பதுண்டு: 19-ஆம் நூற்றாண்டு, வெள்ளை உடம்பு, தங்கக் கோடு, நடுவில் ‘பெல்லடோனா’ என்றோ ‘ஓபியம்’ என்றோ பெயர். மண்ஜாடிக்கும் கண்ணாடிக் குப்பிக்கும் நடுவான விலை. வரிசையாக வைத்தால்தான் அழகு, ஒற்றையாக எடுபடாது. நாலைந்து சேர்த்துக் கிடைத்தால் வாங்கலாம்.

## யாருக்கு எது

பிரிட்டனில் இருக்கிறீர்கள், மாதச் செலவில் கொஞ்சம்தான் ஒதுக்க முடியும், தேடி அலைவதே சந்தோஷம் என்றால் விஷப் புட்டி. ஆனால் ஓர் அலமாரியோடு நிறுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். வீட்டில் நடக்கப் பழகும் குழந்தை இருந்தால் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரி இல்லாமல் மூன்றில் எதுவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சேர்க்கிறவருக்கு நான் சொல்வது பொன்னெழுத்துக் குப்பிதான். ஆங்கிலேயர் காலத்து மருந்துக்கடைகள் இங்கேயும் பெரிதாக நடந்தன. அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமே 1897-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காகக் கட்டியது. மூடிப்போன பழைய டாக்டர் வீடுகளின் அலமாரிச் சாமான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. லேபிள் வெடித்திருந்தாலும் மருந்துப் பெயர் முழுசாக இருப்பதை எடுங்கள். லேபிள் இல்லாத வெற்றுக் குப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், காலி என்பதைப் படத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே திரவம் தெரிந்தால் பார்சல் சுங்கத்திலேயே நின்றுவிடும்.

விடுமுறைக்கு வந்து காரைக்குடியில் வாங்கி வெளிநாட்டுக்கு எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நூறு வருஷம் தாண்டிய, தொல்பொருள் என்று கருதத்தக்க பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிக்காது. ஜாடி இங்கிலாந்தில் செய்ததுதானே என்ற வாதத்தை விமான நிலையத்தில் நின்று நிரூபிக்க முடியாது. இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி, கடை ரசீதோடு கையில் வைத்திருங்கள்.